ப்ளூபெல் வாங்கப் போறீங்களா? முதலில் உங்க ஊர் கோடையைப் பாருங்க

ஏப்ரல் கடைசி வந்தால் போதும், இன்ஸ்டாகிராம் முழுக்க நீலமாகிவிடும். இங்கிலாந்துக் காடுகளில் மரங்களுக்கு அடியில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ப்ளூபெல் பூத்துக் கிடக்கும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் இருக்கும் ஹாலர்போஸ் காட்டில் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் கூட்டம் அலைமோதும். அட்லாண்டாவிலோ டல்லாஸிலோ சாக்ரமென்டோவிலோ வீடு வாங்கி, பின்பக்கம் நாலு மரமும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த ரீல்ஸைப் பார்த்ததும் தோன்றுவது ஒன்றுதான்: "நம்ம பேக்யார்டுலயும் இதை வச்சா என்ன?"

வைக்கலாம். ஆனால் ரீல்ஸில் பார்த்த அதே செடியை வைக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ப்ளூபெல்லை வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அதன் வசந்தத்தை. அது பிழைக்குமா பிழைக்காதா என்று முடிவு செய்வது உங்கள் ஊர் கோடை. அந்தக் கணக்கைப் போடாமல் வாங்கினால் பணமும் போகும், தண்ணீரும் போகும், சில ஊர்களில் பக்கத்துக் காட்டுக்கும் தொல்லை சேரும்.

ப்ளூபெல் என்பது எந்தச் செடி?

பூக்கடையில் 'மல்லி' கேட்டால் ஒன்று தருவார்கள், காய்கறிக் கடையில் கேட்டால் வேறொன்று தருவார்கள் இல்லையா? ப்ளூபெல் கதையும் அதேதான். மணி மாதிரித் தொங்கும் நீலப் பூவைப் பார்த்த இடத்தில் எல்லாம் ஆங்கிலம் பேசியவர்கள் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதனால் ஆர்டர் போடும் முன் தாவரவியல் பெயரைப் பார்ப்பது அவசியம். தோட்டக்காரர்கள் 'காட்டு ப்ளூபெல்' என்று சொல்லும்போது பெரும்பாலும் கீழே உள்ள மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

முதலாவது, ஆங்கில ப்ளூபெல். தாவரவியல் பெயர் ஹயாசிந்தாய்டஸ் நான்-ஸ்க்ரிப்டா. ரீல்ஸில் வருவது இதுதான். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸின் வடமேற்கு, பெல்ஜியம் என்று அட்லாண்டிக் கடல் காற்று படும் ஈரமான, மிதமான நிலப்பகுதிகள் இதன் சொந்த ஊர். உலகில் உள்ள ஆங்கில ப்ளூபெல்லில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. தண்டு ஒரு பக்கமாக வளைந்து நிற்கும், பூக்கள் அந்தப் பக்கமே தொங்கும், நல்ல வாசனை இருக்கும். மகரந்தம் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை.

இரண்டாவது, ஸ்பானிஷ் ப்ளூபெல், அதாவது ஹயாசிந்தாய்டஸ் ஹிஸ்பானிகா. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இதன் தாய்வீடு. தண்டு நேராக நிமிர்ந்து நிற்கும், பூக்கள் எல்லாப் பக்கமும் இருக்கும், வாசனை மிகக் குறைவு, மகரந்தம் நீலம். சில கடைகளில் 'வுட் ஹயாசிந்த்' என்ற பெயரில் விற்பார்கள்.

மூன்றாவது, வர்ஜீனியா ப்ளூபெல். மெர்டென்சியா வர்ஜீனிகா என்று லேபிளில் இருக்கும். முதல் இரண்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. அவை வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வருபவை, இது சதைப்பற்றுள்ள வேரிலிருந்து வருவது. கிழக்கு அமெரிக்காவின் ஆற்றங்கரைக் காடுகள்தான் இதன் இடம். மொட்டு இளஞ்சிவப்பாக வந்து, விரியும்போது வான நீலமாக மாறும்.

டெக்ஸஸ்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். அங்கே மார்ச், ஏப்ரலில் சாலையோரம் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுப்பீர்களே, அது ப்ளூபானெட். மாநில மலரான அது அவரைக் குடும்பத்துச் செடி. 'டெக்ஸஸ் ப்ளூபெல்' என்பது இன்னொன்று. பூங்கொத்துக் கடையில் லிசியாந்தஸ் என்று விற்கிறார்களே, அதன் வகை. இரண்டும் வெட்டவெளி வெயிலில் வளர்பவை, மரநிழல் செடிகள் இல்லை.

தூங்குவதில்தான் இதன் உயிர் இருக்கிறது

மூன்று செடிகளும் வேறு வேறு என்றாலும் பிழைக்கும் வழி ஒன்றுதான்.

குளிர்நாட்டுக் காட்டில் ஓக், பீச் மாதிரியான மரங்கள் குளிர்காலத்தில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மீண்டும் தளிர்த்துக் கூரை மூட ஏப்ரல், மே ஆகிவிடும். அதற்குள் தரைக்கு நேரடி வெளிச்சம் கிடைக்கும். ப்ளூபெல் அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறது. ஆங்கில ப்ளூபெல் குளிர்காலம் முடியும் முன்பே இலை விட ஆரம்பித்து, மரங்கள் கூரையை மூடும் முன் வளர்ந்து பூத்துவிடும். அந்தச் சில வாரங்களில் இலை சம்பாதித்த உணவை எல்லாம் குமிழில் போட்டுவிட்டு, கோடை தொடங்கும்போது இலை காய்ந்து மண்ணுக்குள் தூங்கப் போய்விடும்.

நமக்குத் தெரியாத வித்தை இல்லை இது. நம்ம மாநில மலரான செங்காந்தள் என்ன செய்கிறது? மழை வந்ததும் கிழங்கிலிருந்து முளைக்கிறது, கார்த்திகையை ஒட்டிப் பூக்கிறது, பிறகு கொடி காய்ந்து கோடை முழுக்க மண்ணுக்கடியில் கிழங்காகக் கிடக்கிறது. சேனைக்கிழங்கும் அப்படித்தான். பருவம் மட்டும்தான் வேறு. காந்தளை எழுப்புவது மழை, ப்ளூபெல்லை எழுப்புவது குளிர்.

ஆங்கில ப்ளூபெல்லின் குமிழ் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக உருவாகிறது. பழைய குமிழில் இருந்த சேமிப்பு தீர்ந்துபோக, அந்த வசந்தத்து வருமானத்தில் புதுக் குமிழ் கட்டப்படுகிறது. கையிருப்பு என்று பழையது எதுவும் கிடையாது. ஒரு வசந்தம் சுருங்கினால் அடுத்த ஆண்டுக் குமிழ் சின்னதாகும், அடுத்ததும் சுருங்கினால் இன்னும் சின்னதாகும், பிறகு பூ நின்றுபோகும். இங்கிலாந்துக் காடுகளில் "பாதையை விட்டு இறங்காதீர்கள்" என்று கெஞ்சுவதும் இதனால்தான். மிதிபட்ட இலை சமைக்காது. நசுங்கிய பகுதி பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளர்ந்து பூக்கவே சுமார் 5 ஆண்டுகள் எடுக்கும் செடி இது.

லேபிளில் ஸோன் நம்பர் இருக்கிறது, கோடை இல்லை

அமெரிக்காவில் எந்தச் செடியை எடுத்தாலும் லேபிளில் 'ஸோன்' என்று ஒரு எண் இருக்கும். நிறையப் பேர் அந்த எண் பொருந்தினால் செடி பிழைத்துவிடும் என்று நினைக்கிறோம். அந்த எண் சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: அந்த ஊரில் குளிர்காலத்தின் மிகக் குளிரான இரவு சராசரியாக எவ்வளவு கீழே போகும். ஜூலை மாதம் அந்த ஊர் எப்படிக் கொதிக்கும் என்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. அமெரிக்க விவசாயத் துறையின் கணக்குப்படி பிரிட்டனின் பெரும்பகுதி ஸோன் 8, 9-க்குள் வரும். 2023-ல் வெளிவந்த புதிய வரைபடத்தில் அட்லாண்டாவும் ஸோன் 8, டல்லாஸின் பெரும்பகுதியும் ஸோன் 8. காகிதத்தில் பார்த்தால் மூன்றும் பக்கத்து வீடுகள். கோடையைப் பார்த்தால்? ஜூலையில் லண்டனின் சராசரி உச்ச வெப்பம் 23, 24 டிகிரி செல்சியஸ். அட்லாண்டாவில் 32. டல்லாஸில் 35-க்கும் மேல். அட்லாண்டாவின் ஜூலை இரவு 22 டிகிரிக்குக் கீழே போகச் சிரமப்படும். லண்டனில் பகலிலேயே அவ்வளவுதான்.

கோடையைக் கணக்கில் எடுக்கும் வரைபடமும் இருக்கிறது. அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997-ல் ஒரு வெப்ப மண்டல வரைபடத்தை வெளியிட்டது. வருடத்தில் எத்தனை நாள் 30 டிகிரியைத் தாண்டுகிறது என்று எண்ணி, நாட்டை 12 பகுதிகளாகப் பிரித்தது. வெயில் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு இதைவிட உபயோகமான தகவல் கிடையாது. ஆனால் கடை லேபிளில் இந்த எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளிரின் எண்ணைப் பெரிதாகப் போடும் நர்சரிகள் கோடையின் எண்ணையும் பக்கத்தில் போட்டால் என்ன கெட்டுவிடும்? வெயில் ஊர்க்காரர்களிடமும் செடி விற்கத்தானே செய்கிறார்கள்!

வெயில் ஊரில் அதற்கு என்னதான் ஆகிறது?

"அதுதான் கோடையில் தூங்குகிறதே, வெயில் அடித்தால் அதற்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கில ப்ளூபெல்லுக்கு இங்கே மூன்று இடத்தில் அடி விழுகிறது.

முதல் அடி வசந்தத்திலேயே. இங்கிலாந்தில் மார்ச்சிலிருந்து மே வரை மெதுவாக, குளிர்ச்சியாக நீளும் பருவம் டெக்ஸஸில் கிடையாது. ஒரு வாரம் ஜாக்கெட், அடுத்த வாரம் ஏசி. சூடு ஏறியதும் இலை சீக்கிரமே மஞ்சளாகிவிடும். சம்பாதிக்கும் நாட்கள் குறைந்தால் குமிழ் இளைக்கும்.

இரண்டாவது, தூங்கும்போதும் செலவு உண்டு. மண்ணுக்குள் இருக்கும் குமிழ் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கும். மண் சூடாக இருந்தால் அந்தச் செலவும் கூடும். வருமானம் குறைந்த வீட்டில் செலவு கூடினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் பெரும்பாலும் உயிரை வாங்குகிறது: சூடும் ஈரமும் சேர்வது. ஜூலை, ஆகஸ்டில் புல்வெளிக்காக ஸ்பிரிங்க்ளர் தினமும் ஓடும். சூடான மண்ணில் தண்ணீர் நின்றால் தூங்கும் குமிழ் அழுகும். வெங்காயத்துக்கு இருப்பதுபோன்ற காய்ந்த மேல்தோல் ப்ளூபெல் குமிழுக்குக் கிடையாது. அதனால் வெளியே வைத்தால் சீக்கிரம் வதங்கும், ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் கெடும்.

இதில் ஏமாற்றுவது முதல் ஆண்டுதான். வாங்கிய குமிழுக்குள் நர்சரியில் சேமித்த உணவு இருக்கிறது. குளிர் கொஞ்சம் கிடைத்தால் முதல் வசந்தத்தில் பூத்துவிடும். நீங்களும் படம் எடுத்து ஃபேமிலி க்ரூப்பில் போட்டுவிடுவீர்கள். அந்தப் பூ நர்சரியின் உழைப்பு. உங்கள் தோட்டம் பாஸா ஃபெயிலா என்று சொல்வது மூன்றாம் ஆண்டுப் பூ.

அப்போ எந்த ஊருக்கு எது?

வாஷிங்டன் டிசி, வடக்கு வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, ஜார்ஜியாவின் வடக்குப் பகுதி: யோசிக்கவே வேண்டாம், வர்ஜீனியா ப்ளூபெல். வாஷிங்டனின் ஜூலை சராசரி உச்சமும் 32 டிகிரிதான், அதுவும் வியர்த்துக் கொட்டும் 32. அந்தப் புழுக்கத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தூங்கியே கடந்த செடி இது. ஏப்ரலில் சென்டர்வில் பக்கம் புல் ரன் ஓடைக்கரைப் பாதையில் நடந்து பாருங்கள், ஹாலர்போஸுக்குக் குறைச்சல் இல்லாத நீலம் பூத்துக் கிடக்கும். ஈரப்பதமுள்ள, மட்கு நிறைந்த மண்ணும், வசந்தத்தில் வெளிச்சமும், கோடையில் நிழலும் இருந்தால் போதும். ஒருமுறை நிலைத்துவிட்டால் தானே விதை போட்டுப் பரவும். அங்கத்திய தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் வசந்தத்தின் முதல் சாப்பாடுகளில் இதுவும் ஒன்று.

சாக்ரமென்டோ, ஃபால்சம், பே ஏரியாவின் உட்பகுதி: இங்கே ஸ்பானிஷ் ப்ளூபெல் எடுபடும். குளிர்காலத்தில் மழை, கோடையில் சொட்டு மழை இல்லை என்ற கலிஃபோர்னியப் பருவம் ஸ்பெயின், போர்ச்சுகல் பருவத்தின் அண்ணன் தம்பி. சாக்ரமென்டோ ஜூலையில் சாதாரணமாக 33, 34 டிகிரி போகும். ஆனால் மண் காய்ந்திருப்பதால் குமிழ் நிம்மதியாகத் தூங்கும். கலிஃபோர்னியாவின் ஓக் மரங்களுக்கும் கோடையில் வேரடியில் தண்ணீர் ஊற்றினால் வேரழுகல் வரும். ஓக் அடியில் கோடைத் தண்ணீர் கேட்காத செடி என்றால் இரண்டு பேருக்கும் லாபம்.

டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன்: இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. டல்லாஸ் பக்கத்துக் களிமண்ணும் சுண்ணாம்புத் தன்மையும் வர்ஜீனியா ப்ளூபெல்லுக்குப் பிடிக்காது. தண்ணீர் வடியும் மேடான பாத்தியில், இலையுதிர் மரத்தடியில், ஸ்பானிஷ் ப்ளூபெல்லை முயற்சி செய்யலாம். வெயில் படும் இடம் இருந்தால் இலையுதிர்காலத்தில் ப்ளூபானெட் விதை தூவுவதுதான் புத்திசாலித்தனம். அது கோடையை விதையாகவே கடந்துவிடும். ஹூஸ்டனில் குளிரே அரைகுறைதான், அங்கே ப்ளூபெல்லுக்காகப் பாடுபட வேண்டாம்.

மெல்பர்ன், அடிலெய்டு: கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, ஆனால் கோடை வறண்டது. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் 'ப்ளூபெல்' என்று இருப்பது பெரும்பாலும் ஸ்பானிஷ் வகைதான். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் நட்டால் செப்டம்பர், அக்டோபரில் பூக்கும். 'ப்ளூபெல் க்ரீப்பர்' என்று ஒரு கொடியும் விற்பனையில் இருக்கும், ஜாக்கிரதை. மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்தக் கொடி விக்டோரியா மாநிலத்தில் புதர்க்காடுகளை ஆக்கிரமிக்கும் களை.

நடும்போது கவனிக்க வேண்டியவை

மரம்தான் முதல் முடிவு. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரமாக இருக்க வேண்டும். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மரத்தடியில் வசந்த வெளிச்சம் கிடைக்காது. வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, மதிய வெயில் படாது.

குமிழ் வகைகளை மண் குளிர்ந்த பிறகு, அதாவது அமெரிக்காவில் அக்டோபர், நவம்பரில், சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில், 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுங்கள். வாங்கி வந்த குமிழை கராஜில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வந்த வாரமே மண்ணுக்குள் போக வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆழம் தப்பினாலும் பரவாயில்லை. இந்தக் குமிழ்களுக்குச் சுருங்கும் வேர்கள் உண்டு, அவை குமிழைத் தாங்களே கீழே இழுத்துக்கொள்ளும். வர்ஜீனியா ப்ளூபெல்லின் வேரை அவ்வளவு ஆழமாகப் புதைக்க வேண்டாம். முளைப்பகுதிக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் மண் போதும். ஒருமுறை வைத்தால் இடம் மாற்றாதீர்கள், அதன் வேருக்குப் பிடிக்காது.

பூ முடிந்ததும் இலை மஞ்சளாகிச் சரியும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அசோசியேஷனிலிருந்து மெயில் வருமோ என்று பயந்து வெட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூ அந்த இலையில்தான் தயாராகிறது. தானாகக் காய்ந்து கையோடு வரும்போது எடுத்தால் போதும். அதுவரை அதை மறைக்க பக்கத்தில் பெரணி, ஹோஸ்டா மாதிரி தாமதமாக விரியும் நிழல் செடிகளை வையுங்கள். ஹோஸ்டா தண்ணீர் கேட்கும் செடி என்பதால் வர்ஜீனியா ப்ளூபெல்லுக்கு நல்ல ஜோடி, ஸ்பானிஷ் வகைக்கு அல்ல.

உதிர்ந்த இலையை ப்ளோயர் வைத்துத் தெருவுக்குத் தள்ளாமல் அங்கேயே விடுங்கள். காட்டில் யாரும் உரம் போடுவதில்லை. மட்கிய இலைதான் உரம், வெயில் சூடு மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கும் கூரையும் அதுதான். கடையில் சாயம் பூசி விற்கும் மரச்சில்லுகளைவிட இது உசத்தி, காசும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஸ்பானிஷ் ப்ளூபெல் பாத்திக்குக் கோடையில் ஸ்பிரிங்க்ளர் போகவே கூடாது. "காய்ஞ்சு கிடக்கே, பாவம்" என்று ஊற்றும் ஒரு வாளி தண்ணீர்தான் அதற்கு ஆபத்து. வர்ஜீனியா ப்ளூபெல் கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

முக்கியமான எச்சரிக்கை: ஆங்கில, ஸ்பானிஷ் ப்ளூபெல்லின் எல்லாப் பாகமும் விஷம். குமிழ் பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா கீரைப் பாத்தி என்று நினைத்துக் கிள்ளிவிடக் கூடிய இடத்தில் நடாதீர்கள். குழந்தைகளும் நாயும் தோண்டும் இடத்திலும் வேண்டாம். நடும்போது கையுறை போட்டுக்கொண்டால் தோல் அரிப்பைத் தவிர்க்கலாம்.

ஸ்பானிஷ் ப்ளூபெல் வில்லனா?

இணையத்தில் தேடினால் ஸ்பானிஷ் ப்ளூபெல்லைத் திட்டித் தீர்க்கும் பக்கங்கள் நிறைய வரும். பிரிட்டனில் அந்தக் கோபம் நியாயமானது. தோட்டச் செடியாக 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்பானிஷ் ப்ளூபெல் வேலியைத் தாண்டி, ஆங்கில ப்ளூபெல்லோடு கலந்து, கலப்பினங்களை உருவாக்கிவிட்டது. சொந்தச் செடியின் அடையாளம் கரைந்துபோகுமோ என்ற கவலை அவர்களுக்கு.

ஆனால் அந்தச் சண்டையை அப்படியே கலிஃபோர்னியாவுக்கும் டெக்ஸஸுக்கும் தூக்கி வருவது சரியில்லை என்பது என் கருத்து. அங்கே கலப்பதற்கு ஆங்கில ப்ளூபெல்லே காட்டில் கிடையாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது வேலி தாண்டிப் பரவுமா? வெயில் கடுமையான ஊர்களில் அது அடக்கமாக இருக்கும். சியாட்டில், போர்ட்லேண்ட் மாதிரி குளிர்ச்சியான மேற்குக் கரையில் அடங்காமல் பரவும், தோண்டி எடுத்தாலும் மிச்சக் குமிழிலிருந்து திரும்ப வரும். ஆகவே அங்கே வேண்டாம். எந்த ஊரானாலும் ஓடை, காடு, பூங்கா பக்கத்தில் வீடு இருந்தால் உள்ளூர்ச் செடியைத் தாண்டி யோசிக்காதீர்கள். தோண்டிய குமிழைத் தோட்டக் குப்பையோடு வெளியே கொட்டவும் வேண்டாம்.

வாங்கும் இடத்திலும் ஒரு தர்மம் இருக்கிறது. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி அடுத்தவர் நிலத்திலிருந்து ப்ளூபெல்லைப் பிடுங்குவது குற்றம். 1998 முதல் காட்டுக் குமிழ்களை எடுத்து விற்பதும் தடை செய்யப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததற்குக் காரணம், மூட்டை மூட்டையாகத் தோண்டி விற்க ஆள் இருந்ததும், விசாரிக்காமல் வாங்க ஆள் இருந்ததும்தான். வர்ஜீனியா ப்ளூபெல் வாங்கும்போதும் நர்சரியில் வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை.

சென்னையில் வளருமா? ஊட்டியில்?

இதைப் படிக்கும் பலருக்கும் இந்தக் கேள்விதான் இருக்கும். சென்னை, மதுரை, திருச்சிக்குப் பதில் ஒரே வார்த்தை: வளராது. சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரி சுற்றித்தான் இருக்கும். குமிழை எழுப்ப வேண்டிய குளிர் அங்கே வருவதே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து ஏமாற்றி ஒரு தடவை பூக்க வைத்தாலும் அடுத்த குமிழ் கட்ட அதற்குப் பருவம் கிடைக்காது. ஆன்லைனில் மின்னும் நீலப் படத்தோடு வரும் 'ப்ளூபெல் விதை' பாக்கெட்டுகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். நீலம்தான் வேண்டும் என்றால் சங்குப்பூ இருக்கிறது, தரையோடு படரும் விஷ்ணுகிராந்தி இருக்கிறது. இரண்டும் நம் வெயிலைப் பார்த்து வளர்ந்தவை.

ஊட்டி? குளிர் உண்டு, உறைபனியும் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் கொண்டுவந்து வைத்த கோர்ஸ், ஸ்காட்ச் ப்ரூம் போன்ற மஞ்சள் பூப் புதர்கள் புல்வெளிகளைத் தின்றுவிட்டன. மரத்துக்காகக் கொண்டுவந்த சீகை மரங்களும் அதையே செய்தன. அவற்றைப் பிடுங்கி எடுக்க இன்றைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒருவரின் ஊர் ஏக்கத்துக்கு இன்னொரு ஊர்க் காடு கொடுத்த விலை அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஏற்கெனவே சொந்தமாக ஒரு நீலம் இருக்கிறது. மூணாறு மலைகளில் 2006-லும் 2018-லும் பூத்த குறிஞ்சி, கணக்குப்படி 2030-ல் மறுபடி பூக்க வேண்டும். அதைப் பார்க்கப் போவோம், பாதையை விட்டு இறங்காமல்.

கடைசியாக ஒன்று

வெயில் ஊர் என்பது இனி ஒரு சில ஊர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அந்த ஜூலையில் ப்ளூபெல் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, அதனால் தப்பித்தது. அதன் உண்மையான கவலை வசந்தம் சூடாவதும், மரங்கள் முன்கூட்டியே தளிர்த்துக் கூரையை மூடுவதும்தான். ப்ளூபெல் தன் சொந்த ஊரிலேயே போராட வேண்டிய காலம் வந்துகொண்டிருக்கும்போது, அட்லாண்டாவில் ஸ்பிரிங்க்ளர் வைத்து ஒரு குட்டி இங்கிலாந்து செய்வது நடக்கிற கதை இல்லை.

தோட்டம் என்றால் இயற்கையை ஜெயிப்பது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ப்ளூபெல் அதற்கு நேர் எதிரான ஒன்றைத்தான் செய்கிறது. கோடையோடு மல்லுக்கட்டுவதில்லை, அது போகும்வரை படுத்துக் கிடக்கிறது. நாம் செய்ய வேண்டியதும் கிட்டத்தட்ட அதேதான். நம் ஊர் கோடையை ஏற்கெனவே தாண்டிப் பழகிய செடி எது என்று பார்த்து அதை வைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை அந்தப் பாத்தியில் எதுவுமே தெரியாது. அந்த நாலு மாதமும் தோண்டிப் பார்க்காமல், தண்ணீர் ஊற்றாமல், "செத்துப் போச்சுபோல" என்று முடிவு கட்டாமல் சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ப்ளூபெல் சரிப்பட்டு வரும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு சங்குப்பூ விதையை ஊன்றிவிடலாம், அது சில வாரங்களிலேயே பூத்துவிடும்.